நூலுக்கு நிறம் சொன்ன ஜெயக்கொடி

செய்தி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாண ரவிக்கையின் கைப்பகுதியில் தாமரை விழுந்துகொண்டிருந்த நேரம். கைபேசியில் ஜெயக்கொடி அக்காவின் கணவர் சேகர் அண்ணன் பெயரைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அவர் திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து மாலையில்தான் பேசுவார். காலையில் அழைத்ததே இல்லை. "முடிஞ்சிருச்சும்மா" என்றார். நான் மெஷினை நிறுத்தினேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் விரித்து, உதடு மட்டும் அசைய, துவா செய்தார்.

நான் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி அரியலூருக்கு வந்து, காதர் பாய் கடையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுபவள். என் பெயர் புவனா. ஜெயக்கொடி அக்கா அதே கடையில் எந்தப் பூவுக்கு எந்த நூல் என்று முடிவு செய்தவர். அவர் நிறம் எடுத்த ரவிக்கைகள் இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ வீட்டு பீரோக்களில் மடித்துக் கிடக்கின்றன. அவற்றை உடுத்தியவர்களில் பலர் அவரைப் பார்த்ததில்லை. அவரைத் தெரிந்தவர்களோ கடைசி மாதங்களில் அவர் அருகே வர அஞ்சினார்கள். இரு சாராருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அவர் பிறந்தது உடையார்பாளையம் பக்கத்துச் சிற்றூரில். பெற்றோர் பிறர் முந்திரித் தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். மணமாகி ரெட்டிபாளையம் பக்கம் வந்தார். கணவர் சேகர் லாரியில் சிமெண்டு மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். ஒருநாள் அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்த பிறகு அவரால் கனமாக எதையும் தூக்க முடியாமல் போயிற்று. அந்த வருடம்தான் ஜெயக்கொடி அக்கா எங்கள் கடைக்கு வந்தார். நிறம் சொல்வதற்காக அல்ல, நூல் வெட்டுவதற்காக. மெஷின் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவும்போது இடையில் நூல் தொங்கும். அதையெல்லாம் சிறு கத்தரியால் சுத்தம் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. மகள் சுபா அப்போது நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

எம்பிராய்டரி டிசைனை விலைக்கு வாங்கும்போதே எந்த இடத்துக்கு எந்த நிறம் என்ற குறிப்பும் கூடவே வரும். பெரும்பாலான கடைகளில் அதன்படியே நூல் கோன்களை மாட்டி ஓட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அரக்குப் பட்டில் மயில் போட்டோம். குறிப்பில் இருந்த நீலத்தையே போட்டேன். அரக்குக்குள் அந்த நீலம் முங்கிப் போய், மயில் இருக்கும் இடத்தில் கறை பட்டதுபோல ஆகிவிட்டது. அக்கா நூல் வெட்டிக்கொண்டே அதைப் பார்த்தார்.

"மயிலு கழுத்துல நீலம் மட்டுமா இருக்கு? திரும்புறப்ப பச்சை அடிக்கும், நெழல்ல நின்னா செம்பு மாதிரி இருக்கும். எங்கூரு கொல்லையில வந்து பாருங்க" என்றார்.

பாய் சிரித்துக்கொண்டே, அப்படியானால் நீயே நூலை எடு என்றார். அக்கா எடுத்தார். அது இன்னும் மோசமாக வந்தது. பச்சையும் செம்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மயில் கோழி ஆயிற்று. அந்த வாடிக்கையாளர் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வேறொருவராக இருந்தால் மறுநாளிலிருந்து கத்தரியோடு நின்றிருப்பார். அக்கா அந்தப் பாழான துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சில நாள் வைத்திருந்துவிட்டு வந்தார். தப்பு பச்சையில் இல்லை, எல்லா நூலும் ஒரே அளவு பளபளப்பாக இருந்ததில்தான் தப்பு என்றார். கழுத்துக்கு மட்டும் மினுங்கும் நூல், உடம்புக்கு மங்கின நூல், இரண்டுக்கும் நடுவில் துணியின் அரக்கு நிறத்திலேயே ஒரு கோடு. மறுபடி ஓட்டினோம். மயில் துணியை விட்டுத் தனியாக எழுந்து நின்றது. பாய் அதைக் கடை வாசலில் மாட்டி வைத்தார். அதைப் பார்த்துவிட்டுப் பெரம்பலூரிலிருந்துகூட ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு கோன் அலமாரி அவர் கைக்குப் போயிற்று. கோனைப் பார்த்து அவர் ஒருநாளும் நிறம் முடிவு செய்ததில்லை. ஒரு முழம் நூலை உருவி, துணிமேல் நெருக்கமாக வளைத்து வளைத்துப் போட்டு, வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். கோனில் இருக்கும்போது நூலுக்கு ஒரு நிறம், துணிமேல் படுத்தால் வேறு நிறம் என்பார். இலை என்றால் பச்சை என்று தொடங்கமாட்டார். மஞ்சள் பூவின் நிழலுக்குக் கத்தரிப்பூ நிறம் எடுப்பார். வெள்ளைப் பூவுக்கு வெள்ளையே எடுக்காமல் வெளிர் சாம்பலும் சந்தனமுமாக வைத்து, நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெள்ளையை விடுவார். அந்த ஒரு பொட்டு வெள்ளையால் பூ முழுவதும் வெள்ளையாகத் தெரியும்.

அவரைப் பொறுமைசாலி என்று எழுதினால் பொய்யாகிவிடும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தச் சொல்லி நூலை மாற்றுவார். எத்தனையோ முறை எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் நடந்திருக்கிறது. வாடிக்கையாளர்களிடமும் பட்டென்று பேசிவிடுவார். பெரம்பலூரில் ரவிக்கைக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், தமக்கு ரோஸ்தான் பிடிக்கும் என்று பிடிவாதமாக நின்றபோது, "ஒங்களுக்குப் புடிச்ச கலரு வேறங்க, ஒங்களுக்கு எடுப்பா இருக்கற கலரு வேறங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போனார். பின்னர் அவரே தம் கடை வேலை முழுவதையும் எங்களிடம் கொண்டுவந்தார்.

ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தா.பழூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு மறுமணம். முதல் கணவர் மணமான கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனவர். தாய் கொண்டுவந்த பட்டு சாம்பல் நிறம். வேலைப்பாடும் அதே சாம்பலில்தான் இருக்க வேண்டும், சிவப்போ மஞ்சளோ ஒரு இழைகூட வரக் கூடாது, ஊர் வாயில் விழ முடியாது என்று அந்தத் தாய் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் துணியின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். அக்கா அவளிடம், உனக்கு என்ன வேணும்மா என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் வேண்டாங்க" என்றாள் அவள். அதை அவள் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பூ நிற்பதற்காக மெஷின் முதலில் அடியில் ஒரு தையல் போடுமே, அது மேலே வரும் நூலின் நிறத்திலேயே இருக்க வேண்டுமா என்றார். வேண்டியதில்லை, ஆனால் மேல் தையல் நெருக்கமாக இருந்தால் அடித்தையல் தெரியாது என்றேன். மேல் தையலைக் கொஞ்சம் நெருக்கம் குறைத்து விட முடியுமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடியில் குங்குமச் சிவப்பை ஓட்டினோம். அதன்மேல் சாம்பலை மெல்லிய இடைவெளி விட்டு ஓட்டினோம். பலமுறை வேறு துணியில் சோதித்துப் பார்த்தே அந்த இடைவெளியைப் பிடித்தோம்.

வாங்கிப்போக வந்தபோது தாய் ரவிக்கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மகள் அதைக் கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே அசையாமல் நின்றாள். அக்கா அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தூரத்துல நிக்கிற ஊருக்குச் சாம்பலு. பக்கத்துல வர்ற மனுசனுக்குச் செவப்பு. போயிட்டு வாம்மா."

அந்தப் பெண் கடை வாசலைத் தாண்டியதும் அழுதாள். தாய்க்குக் காரணம் புரியவில்லை. எனக்குத் தெரிந்து அக்கா ஒரு வேலை முடிந்த பிறகு எழுந்துபோய்த் தண்ணீரில் முகம் கழுவியது அன்று ஒருநாள்தான்.

அவருக்கு இருமல் வந்தபோது புழுதி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரத்தில் குடியிருப்பவர்கள் இருமுவது எங்கள் பக்கம் புதிதில்லை. உடம்பு இளைத்து, தினமும் மாலையில் காய்ச்சல் காய ஆரம்பித்ததும் பாய்தான் கட்டாயப்படுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சளியைச் சோதித்து டி.பி. என்றார்கள். இது குணமாகிற வியாதிதான், மாத்திரையை மட்டும் விடாமல் போட வேண்டும் என்று சொல்லி இலவசமாகவே கொடுத்தார்கள். கண்ணில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும், தானாக எதையும் நிறுத்தக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் முதல்நாளே எச்சரித்திருக்கிறார். தொற்று ஆபத்து நீங்கும்வரை வீட்டில் இருந்துவிட்டு அக்கா வேலைக்குத் திரும்பினார். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பிழைத்துவிட்டார் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

பிறகுதான் அது நடந்தது. ஒருநாள் செம்பருத்திப் பூவுக்கு அவர் காப்பிப் பொடி நிற நூலை எடுத்துக் கொடுத்தார். ஏதோ புதிதாக யோசிக்கிறார் என்று மாட்டினேன். பூ காய்ந்த சருகாக வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்றார். இன்னொரு நாள் இலைக்குச் சாம்பல் எடுத்தார். அப்புறம் ஒவ்வொரு கோனையும் வெயிலுக்குக் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்து, முகத்தில் எதையும் காட்டாமல் திரும்பி வருவார். "புவனா, இது எந்தச் செவப்பு?" என்று விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்பார். நான் கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். வயசாகுது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று பேச்சை மாற்றினார். மாத்திரை வேலையைக் காட்டுகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்கடுத்த சில வாரங்களில் அவர் கண் தெளிந்தது. நான் சொல்லித்தான் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் அவர் எடுத்த நிறங்களைப்போல் அதற்குமுன் அவரே எடுத்ததில்லை. பெரம்பலூர்க் கல்யாணம் ஒன்றுக்குக் குரோட்டன்ஸ் இலைகளை டிசைனாக வைத்து ஒரு செட் செய்தோம். இலைகள் அனைத்தும் சிவப்பு. செங்கல், குங்குமம், மாதுளை முத்து, துருவேறிய இரும்பு, காய்ந்த மிளகாய் என்று சிவப்புக்குள்ளேயே அவர் நடந்துகொண்டிருந்தார். ஒரு இலைபோல் இன்னொரு இலை இல்லை. பச்சை என்று ஒரு இழைகூட இல்லாமலேயே அது தோட்டமாகத் தெரிந்தது. அக்கா அன்றைக்கெல்லாம் சிரித்த முகமாக இருந்தார். அந்த ரவிக்கையின் படம் இப்போதும் என் கைபேசியில் இருக்கிறது. திறந்து பார்க்கத்தான் முடியவில்லை.

பிறகு இருமல் திரும்பியது. இந்த முறை ரத்தத்தோடு. கடையிலேயே, கோன் அலமாரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அரியலூரில் சோதித்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். முன்பு கொடுத்த மருந்துக்கு இனி இந்தக் கிருமி மசியாது என்று அங்கே சொன்னார்கள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் குடைந்து கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. கண் மங்கியதும் எல்லா மாத்திரைகளையும் நிறுத்தியிருக்கிறார். வீட்டில் போட்டுக்கொள்வதுபோல் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, பஸ் ஸ்டாண்டு குப்பைத் தொட்டியில் எறிந்திருக்கிறார். விசாரிக்க வந்த சுகாதாரப் பணியாளரிடம் போட்டுக்கொண்டிருப்பதாகவே சொல்லியிருக்கிறார்.

டாக்டர் சொன்னதைச் சேகர் அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். இருந்த மாத்திரைகளில் ஒன்றுதான் கண்ணைப் பாதித்திருக்கிறது. வந்து சொல்லியிருந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்ந்திருப்பார்களாம். அண்ணன் அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். முகக்கவசத்தோடு உள்ளே போய், ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"சொன்னா, கண்ணு வேணுமா உசுரு வேணுமான்னு கேப்பாங்கன்னு நெனச்சேன். நான் என்னத்தச் சொல்லுவேன்? அவருக்கு இடுப்பு முடியாது. புள்ள படிக்கிது. வூட்டுல அடுப்பெரியறது என் கண்ணாலதான்."

பின்பு நான் கேட்காமலேயே சொன்னார்: "அது மட்டும் இல்ல புவனா. மாத்திரைய வுட்டதும் ஒருநா காலையில பஸ்ஸுல வரேன். முன்னாடி ஒரு பொண்ணு கனகாம்பரம் வெச்சிருக்கா. அந்தக் கலரு தெரியுது. ஒவ்வொண்ணா திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம் அத எப்படி வாயில போடுவேன்?"

அவர் செய்தது பெருந்தவறு. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும் போய்ச் சொல்லிவிடுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அக்காவைப் பற்றி எழுதும் இடத்தில் இதைச் சொல்வது பொருந்துமா என்று யோசித்தேன். சொல்லாமல் விடுவதுதான் பொருந்தாது.

கடைசி வாரங்களில் அவருக்கு இருந்த பயம் ஒன்றே. சுபாவுக்கும் தொற்றியிருக்குமோ என்பதுதான் அது. பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய பெண் அவள். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அவளைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார், ஏதாவது தெரிந்ததா என்று. ஒன்றும் இல்லை, சுபாவின் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று முடிவு வந்த அன்று சேகர் அண்ணனே போய்ச் சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. சாப்பாடு கேட்கவில்லை, தண்ணீரும் கேட்டு வாங்கவில்லை. இனித் தமக்காக எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்போல் இருந்தார்.

உடலை ஆஸ்பத்திரியிலிருந்தே சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அதிக நேரம் வைத்திருக்க வேண்டாம், முகம் மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள் என்றார்களாம். நானும் பாயும் போனபோது தெருவில் கூட்டம் இருந்தது. ஆனால் அது எதிர்ச்சாரியில் நின்றது. மேலே விழுந்து அழ வேண்டிய நாத்தனார்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்று அழுதார்கள். குளிப்பாட்டவில்லை. பூ வைக்கவும் யாரும் நெருங்கவில்லை. சேகர் அண்ணன் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், இடுப்பு வலியில் ஒருபக்கம் சாய்ந்தபடி.

உடையார்பாளையத்திலிருந்து அக்காவின் தம்பி பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தார். அவசரத்தில் ஏதோ ஒரு கடையில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார். கடுகு மஞ்சளில் ஊதாக் கரை போட்ட நூல் சேலை. அதை வைத்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றார். சுபா எழுந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். நான் ஒரு முனையைப் பிடித்தேன். இருவருமாக அதை விரித்து அக்காவின்மேல் போர்த்தினோம். ஓரங்களைப் பாடையின் கயிற்றுக்குள் சுபா செருகினாள். காதர் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். அதைப் பார்த்த பிறகுதான் எதிர்ச்சாரியிலிருந்து இரண்டொருவர் தெருவைக் கடந்து வந்தார்கள்.

தூக்கியதும் பெரிய சாலையில் லாரிகள் வரிசையாக நின்று வழிவிட்டன. நின்றாலும் அவை கிளப்பிய புழுதி அடங்கவில்லை. காற்றில் சேலையின் ஒரு முனை கயிற்றிலிருந்து கழன்று பறந்தது. சுபா ஓடிப்போய் அதைச் செருகினாள். பத்தடி போவதற்குள் மறுபடி கழன்றது. மறுபடி ஓடினாள். பெண்கள் வரக்கூடிய எல்லை வந்ததும் அத்தைகள் அவளைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். "அது பறக்குது, அத்தை, அது பறக்குது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தூக்கிச் சென்ற ஆண்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. செருக ஆளில்லாமல் அந்த மஞ்சள் முனை பறந்துகொண்டே போய், புளியமரத் திருப்பத்தில் மறைந்தது.

ஜெயக்கொடி அக்கா, சுபா படிப்பாள். நானும் பாயும் இருக்கிறோம். நீங்கள் நிம்மதியாகக் கண்மூடி உறங்குங்கள்.